என் பெயரில் ஒரு கோப்பு

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழக ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மதுரையில் வரலாற்றில் எம்.ஏ. முடித்திருந்தேன். அப்போது என் கணவராக இருந்தவர் அங்கே பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய கடவுச்சீட்டில் இருந்தது எஃப்-1 விசா. என்னுடையதில் எஃப்-2. அந்த ‘2’க்கு என்ன பொருள் என்று விமானம் ஏறும்வரை நான் யோசித்ததே இல்லை.

இரண்டாவது வாரம் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், வரலாற்றுத் துறையில் சேர விண்ணப்பம் வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண்மணி என் தாள்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் பட்டப்படிப்பில் சேர முடியாது என்றார். பகுதிநேரமாகவும் முடியாதாம். வேலைக்கும் போக முடியாது. பொழுதுபோக்காக ஏதாவது கற்றுக்கொள்வதற்குத் தடையில்லை என்று சொல்லி, மண்பாண்டம் செய்யும் வகுப்புக்கான துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து நடப்புக்கு வந்திருந்த விதி அது. மாணவரின் மனைவியோ கணவனோ பொழுதுபோக்குக்காக மட்டுமே படிக்கலாம். 2015இல்தான் அதைத் தளர்த்தி, முழுநேரத்துக்குக் குறைவாகப் படிக்க அனுமதித்தார்கள்.

அந்த வகுப்பில் நான் செய்த கோணல் கிண்ணம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார், “அமெரிக்காவில் படிக்கப் போனால் குடியுரிமை எப்படி வாங்குவது?” பெரும்பாலும் மகனுக்காகக் கேட்பார்கள். மகன் போவான், படிப்பான், வேலை வாங்குவான், பிறகு ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு மனைவியை அழைத்துப் போவான். இந்த வரிசையில் அந்த மனைவிக்கும் ஒரு குடியுரிமைக் கதை இருக்கிறது. யாரும் அதைக் கேட்பதில்லை. மாணவர் குடிமகனாகும் வழியைச் சொன்னால் குடிமகளாகும் வழியையும் சொன்னதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பின்னாளில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பழைய சட்டங்களைப் படித்தபோதுதான், இரண்டும் ஒன்றல்ல என்பதும், அப்படி ஆனதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது என்பதும் தெரிந்தது.

மனைவி கணவனுடைய நாட்டவள்

1883இல் ஆனந்திபாய் ஜோஷி கப்பலேறி அமெரிக்கா போனபோது மாணவர் விசா என்ற ஒன்றே கிடையாது. பெனிசில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்து 1886இல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, 1887 பிப்ரவரியில், 21 வயதில் இறந்துபோனார். அங்கேயே தங்கிக் குடியுரிமை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிடைத்திருக்காது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவரில் ‘சுதந்திரமான வெள்ளையருக்கு’ மட்டுமே குடியுரிமை தந்தது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியர்களைச் சேர்க்கவில்லை. 1875இல் வந்த பேஜ் சட்டம் ஆசியப் பெண்களைப் பாலியல் தொழிலுக்குக் கொண்டுவரப்படுகிறவர்கள் என்று சந்தேகிக்க அதிகாரம் கொடுத்தது. சீனப் பெண்கள் உள்ளே வருவதே ஏறக்குறைய நின்றுபோனது.

குடியுரிமைக்கு நிறம் ஒரு வேலி என்றால் திருமணம் இன்னொரு வேலி. 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கனை மணந்த வெளிநாட்டுப் பெண் தாலி ஏறிய கணமே அமெரிக்கக் குடிமகள். அவள் வெள்ளையாக இருந்தால் போதும். 1907இல் இதன் மறுபக்கத்தையும் எழுதிவிட்டார்கள். வெளிநாட்டவனை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து, கணவனின் நாட்டவள் ஆவாள்.

எத்தல் மெக்கன்சி கலிபோர்னியாவில் பிறந்தவர். 1909இல் ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரை மணந்தார். 1911இல் கலிபோர்னியப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. வாக்காளராகப் பதியப் போனபோது, நீங்கள் இப்போது பிரிட்டிஷ் பிரஜை என்று திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனார். 1915இல் தோற்றார். பின்விளைவு தெரிந்தே அவர் தன் விருப்பத்தில் திருமணம் செய்துகொண்டார் என்பது நீதிமன்றத்தின் வாதம். பிறந்த மண்ணில் இருந்துகொண்டே ஒரு பெண் அந்நியள் ஆனாள்.

இந்த இரண்டு வேலிகளும் ஒன்றாகச் சந்தித்த இடத்தில் ஒரு மாணவரின் பெயர் இருக்கிறது.

தாரக்நாத் தாஸும் மேரியும்

1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை அடைத்தது. மாணவர்களுக்கு விலக்கு உண்டு. அவர்களுடைய ‘சட்டப்படியான மனைவி’க்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அந்த விலக்கு பொருந்தும். மாணவன் வரலாம், மனைவி கூட வரலாம் என்ற ஏற்பாடு அப்போதே எழுத்தில் இருந்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் மாணவரைத் தனி வகையாக்கியது. படிப்பதற்கு மட்டுமே வரவேண்டும், படிப்பு முடிந்தால் போய்விட வேண்டும்.

தாரக்நாத் தாஸ் இதற்கெல்லாம் முன்பே, 1906இல், வந்துவிட்ட வங்காளி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார். இந்திய விடுதலைக்காக எழுதினார். 1914இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இந்தியர்கள் ‘வெள்ளையரா’ என்பதில் நீதிமன்றங்கள் அப்போது ஒரே முடிவுக்கு வரவில்லை. சில நீதிபதிகள் குடியுரிமை கொடுத்தார்கள், சிலர் மறுத்தார்கள். 1923 பிப்ரவரி 19இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. அந்த வழக்கின் நாயகர் பகத்சிங் திண்டும் உயர்கல்விக்காக 1913இல் வந்தவர்தான். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். இன ஆய்வாளர்கள் என்ன சொன்னாலும் சாதாரண வெள்ளையரின் பார்வையில் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்றது தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து அதைத் திரும்பப் பறித்தார்கள்.

தாஸ் 1924இல் மேரி கீட்டிங் மோர்ஸை மணந்தார். மேரி அமெரிக்காவில் பிறந்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்கும் பெண்ணுரிமைக்கும் துணைநின்றவர். திருமணத்தால் பெண் குடியுரிமை இழப்பதை 1922இல் வந்த கேபிள் சட்டம் பெருமளவுக்கு நீக்கியிருந்தது. பெண்கள் வாக்குரிமை பெற்ற இரண்டாம் ஆண்டில் கிடைத்த வெற்றி அது. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கை விட்டுவைத்திருந்தார்கள். ‘குடியுரிமைக்குத் தகுதியற்ற’ வெளிநாட்டவனை மணந்தால் அமெரிக்கப் பெண் இன்னும் குடியுரிமை இழப்பாள். தகுதியற்றவன் என்றால் ஆசியன். தாஸின் குடியுரிமையை ரத்துசெய்ய அரசு முயன்றபோது மேரியும் நாடற்றவர் ஆனார். ‘நாடில்லாத பெண்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1926இல் அவர் ‘தி நேஷன்’ இதழில் எழுதினார்.

1931இல்தான் அந்த விதிவிலக்கு நீங்கியது. வெள்ளைப் பெண்களின் உரிமைப் போராட்டம் வென்றதாக அறிவித்த பிறகும் ஒன்பது ஆண்டுகள், ஆசியனை மணந்த பெண்ணை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

இதே தீர்ப்பு கலா பாகாயின் வீட்டுக்குள்ளும் வந்தது. கணவர் வைஷ்ணோ தாஸ், மூன்று மகன்கள் ஆகியோருடன் 1915இல் கலிபோர்னியா வந்தவர் கலா. 1921இல் குடியுரிமை பெற்ற கணவர், திண்ட் தீர்ப்புக்குப் பின் அதைப் பறிகொடுத்தார். 1928இல் தற்கொலை செய்துகொண்டார். கலா பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படித்தார், மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார், 1946க்குப் பிறகு தன் பெயரிலேயே குடியுரிமை பெற்றார். ஒருகாலத்தில் அவரைக் குடிவர விடாத பெர்க்லி நகரத்தில் இன்று ஒரு தெருவுக்கு அவர் பெயர் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகங்களில் கணவரின் சாவைத்தான் முதலில் படிப்போம். அதற்குப் பிறகு கலா வாழ்ந்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் அடிக்குறிப்பாகிவிடும்.

‘அவன்’ திரும்பிப் போவான்

1946 ஜூலை 2இல் வந்த லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதியைக் கொடுத்தது. குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கீடும் வைத்தது. சட்டத்தின் பெயரிலுள்ள லூஸ், கிளேர் பூத் லூஸ் என்ற பெண் உறுப்பினர். 1952ஆம் ஆண்டுச் சட்டம் இனத் தடையை முழுதாக எடுத்துவிட்டது. இன்றுள்ள எஃப் விசாவும் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். மாணவர் யார் என்று அது விளக்கும் வாக்கியத்தில், சொந்த நாட்டில் ‘அவனுக்கு’ ஒரு வீடு இருக்க வேண்டும், அதைக் கைவிடும் எண்ணம் ‘அவனுக்கு’ இருக்கக் கூடாது என்று வருகிறது. அதனால்தான் சென்னைத் தூதரகத்தில் இன்றும் பிள்ளைகள் “படிச்சிட்டுத் திரும்பி வந்துடுவேன்” என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டு உள்ளே போகிறார்கள். குடியுரிமைக்குப் போகும் பாதையின் முதல் படியே குடியேற மாட்டேன் என்று சொல்வதுதான்.

சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனார். இந்தியர்களுக்கான ஒதுக்கீடு 100ஆக இருந்த காலம். 1963இல், தன்னைப் போலவே வெளிநாட்டு மாணவராக ஜமைக்காவிலிருந்து வந்திருந்த டொனால்ட் ஹாரிஸை மணந்தார். 1964இல் முனைவர் பட்டமும் வாங்கினார், முதல் மகளையும் பெற்றார். பிறகு விவாகரத்து. மார்பகப் புற்றுநோய் ஆய்வாளராக வேலை பார்த்து இரண்டு பெண்களை வளர்த்தார். மூத்தவர் கமலா 2021இல் அமெரிக்கத் துணை அதிபரானபோது நம் ஊரில் வெடி வெடித்தோம். எனக்கு அதில் கண்ணில் பட்டது வேறொன்று. ஷியாமளா அந்நாட்டுக்குள் நுழைந்தது யாருடைய மனைவியாகவும் அல்ல. மாணவியாக, தன் பெயரில் இருந்த தாளோடு நுழைந்தார். மணம் முறிந்தபோது படிப்பும் வேலையும் அவரிடமே இருந்தன.

1965ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. படித்து முடித்தவர்கள் அங்கேயே வேலை பெற்று நிரந்தர வசிப்புரிமைக்கு மாறும் பாதை அகலமானது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஹெச்-1பி விசாவை உருவாக்கி, அதற்கு 65,000 என்று உச்சவரம்பு வைத்தது. வேலைவழி கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டவரும் 7 சதவீதத்துக்கு மேல் பெற முடியாது என்ற விதியும் அதில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போனவர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்வது இதனால்தான்.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். எஃப்-1இல் படிக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் ஓராண்டு பயிற்சி வேலைக்கு அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதங்கள். வரலாறும் இலக்கியமும் படித்தவர்களுக்கு அந்த ஓராண்டோடு சரி. அதற்குள் ஒரு நிறுவனம் ஹெச்-1பிக்கு மனு போட வேண்டும். பிறகு, இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று அதே நிறுவனம் தொழிலாளர் துறையிடம் காட்டி, கிரீன் கார்டுக்கு மனு போட வேண்டும். அதன்பின் வரிசையில் காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வந்து ஐந்து ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஐந்து ஆண்டுகளில் பாதி நாட்களாவது அந்நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். மாணவராக இருந்த ஆண்டுகள், ஹெச்-1பியில் உழைத்த ஆண்டுகள் எதுவும் அந்த ஐந்தில் சேராது.

இந்தப் பாதை நெடுகிலும் மனைவிக்கு எழுத்து மாறிக்கொண்டே வரும். அவன் எஃப்-1 என்றால் அவள் எஃப்-2. அவன் ஹெச்-1பி என்றால் அவள் ஹெச்-4. ஹெச்-4 மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு, கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால், 2015 மே மாதத்திலிருந்து வேலை அனுமதி உண்டு. அப்படி அனுமதி பெற்றவர்களில் பெரும்பான்மையினர் இந்தியப் பெண்கள். அதற்குமுன் மருத்துவமும் பொறியியலும் படித்தவர்கள் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். சம்பளம் மட்டுமா இல்லை? பல மாநிலங்களில் வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும்கூடக் கணவனின் தாள்களைக் காட்டினால்தான் கைக்கு வரும் என்ற நிலைமை.

மணம் முறிந்தால் அவளுடைய எழுத்தும் போய்விடும். கணவன் இறந்தாலும் அப்படித்தான். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்தில் இனவெறியன் ஒருவன் இந்தியப் பொறியாளரைச் சுட்டுக் கொன்றான். கணவனின் உடலோடு ஊருக்கு வந்த மனைவி, அமெரிக்கா திரும்பும் உரிமையைத் தானும் இழந்துவிட்டதை அறிந்தார். அந்த வரிசையில் நின்றது கணவனின் கோப்பு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தலையிட்ட பிறகே அவரால் திரும்ப முடிந்தது.

அடிக்கிற கணவன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவனாகவோ இருந்தால், 1994ஆம் ஆண்டின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மனைவி தானாகவே கிரீன் கார்டுக்கு மனு போடலாம். கணவன் மாணவனாகவோ ஹெச்-1பியாகவோ இருந்தால் அந்த வழி இல்லை. அடி ஒன்றுதான். அடிப்பவனின் விசாவைப் பொறுத்து அவளுக்குச் சட்டம் மாறுகிறது.

1907ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னதை இன்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. எஃப்-2இல் கணவர்களும் இருக்கிறார்கள் என்று வாதிடலாம். இருக்கிறார்கள்தான். ஆனால் ஒருவர் முன்னால் போக மற்றவர் பின்னால் வருவார், பின்னால் வருபவருக்குச் சொந்தமாக வேலையோ வரிசையோ தேவையில்லை என்ற பழைய கணக்கு அந்த எண்ணுக்குள் அப்படியே இருக்கிறது.

பதினேழு ஆண்டுகள்

என் கதைக்கு வருகிறேன். எஃப்-2இலிருந்து எஃப்-1க்கு மாற ஒரு வழி இருந்தது. முதலில் ஏதாவதொரு படிப்பில் இடம் வாங்க வேண்டும், பிறகு குடியேற்றத் துறைக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்தபின் சேரலாம். விண்ணப்பத்தோடு கணவரின் மாணவர் சான்று, வங்கிக் கணக்கு, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றின் நகலும் வேண்டும். இவை இருந்த மேசையறையின் சாவி அவரிடம் இருந்தது. “இப்ப எதுக்கு அவசரம்? நான் முடிச்சதும் பாத்துக்கலாம்” என்றார். நான் எட்டு மாதங்கள் கேட்டேன். கடைசியில் அவருடைய அம்மாதான் தொலைபேசியில், “அவ படிக்கட்டும்டா, சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறா” என்று முடித்துவைத்தார். அத்தைக்கு நான் பட்ட கடன் அது.

2005இல் நூலகவியலில் முதுகலை சேர்ந்தேன். துறை நூலகத்தில் உதவியாளர் வேலை கொடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். 2006இல் எங்கள் மணம் முறிந்தது. ஏன் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். எஃப்-2ஆகவே இருந்திருந்தால் தீர்ப்பு வந்த அன்றே அந்நாட்டில் இருக்கும் தகுதியை இழந்திருப்பேன். பிள்ளையோடு அந்த நிலையில் மாட்டிக்கொண்டு, ஊருக்குப் போகவும் முடியாமல் அங்கே இருக்கவும் முடியாமல், அடங்கிப்போன பெண்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். என்னைவிடப் படித்தவர்கள், என்னைவிடத் துணிச்சல்காரர்கள். அவர்கள் கையில் இல்லாமல் போனது ஒரே ஒரு தாள்.

2007இல் படிப்பு முடிந்தது. ஓராண்டு பயிற்சி. 2008இல் ஒரு பல்கலைக்கழக நூலகம் ஹெச்-1பிக்கு மனு போட்டது. பல்கலைக்கழகங்களுக்கு அந்த 65,000 உச்சவரம்பு கிடையாது என்பது என் அதிர்ஷ்டம். 2009 தொடக்கத்தில் கிரீன் கார்டு வரிசையில் என் பெயர் ஏறியது. 2014 இலையுதிர் காலத்தில் அட்டை வந்தது. 2019இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். அப்போது நூறு கேள்விகளிலிருந்து பத்து கேட்டார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆந்தனி அந்த நூறில் இருந்தார். திருமணத்தால் குடியுரிமை இழந்த எத்தல் மெக்கன்சி இல்லை.

விண்ணப்பப் படிவத்தில் பெயரை மாற்றிக்கொள்ள ஓர் இடம் உண்டு. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தால் நீதிபதியே மாற்றித் தருவார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் முதலெழுத்தோடு பிறக்கிறோம், கல்யாணத்துக்குப் பின் அது கணவனின் பெயராகிறது. என் கடவுச்சீட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அவர் பெயர்தான் இருந்தது. விவாகரத்தான பின்பும் வங்கியிலும் மருத்துவமனையிலும் பதினான்கு ஆண்டுகள் என்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வரிசை நடுவில் பெயரை மாற்றினால் கோப்பு குழம்பும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்ததால் விட்டுவைத்திருந்தேன்.

2020 பிப்ரவரியில் உறுதிமொழி எடுத்தேன். அந்தக் கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நம்ம நாட்டு பாஸ்போர்ட்டு?” என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அந்தக் கடவுச்சீட்டைத் தபாலில் அனுப்பிய நாளில் நான் வேலைக்குப் போகவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் நம்மைச் சமமாக நடத்தியே வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை இந்தியராக இருந்தால்தான் வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை. தாயின் வழியாக வராது. 1992 டிசம்பர் 10 முதல்தான் தாயையும் சேர்த்தார்கள்.

ஆகவே யாராவது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, பெண் போகிறாளா, பையன் போகிறானா என்று திருப்பிக் கேட்கிறேன். மருமகள் போகிறாள் என்றால் நான் சொல்வது இது: போவதற்கு முன்பே அவள் பெயரில் ஒரு படிப்புக்கு இடம் வாங்கப் பாருங்கள். முடியாவிட்டால், போனதும் அவளுடைய கடவுச்சீட்டு, சான்றிதழ்கள், கணவனுடைய தாள்களின் நகல் எல்லாம் அவள் கையில், ஒரு தனிக் கோப்பில் இருக்கட்டும். ஒரு செட் அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும். நகல் எடுக்க நூறு ரூபாய்கூட ஆகாது.